உப்பு மலையிலிருந்து ஓர் இறக்கம்

சக்கரத்தடம் – 11

போன வாரம் அண்ணாச்சி, டாக்டர், தம்பி, நான் என எங்கள் நால்வரையும் கிராண்ட் ஜங்ஷன் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து யூட்டா மாநிலத்து மோவாப் இரண்டு மணி நேரம்கூட இல்லை. ஆனால் அண்ணாச்சிக்கு வழியெல்லாம் காபி வேண்டும். டாக்டருக்குக் கண்ணில் படுகிற பாறையையெல்லாம் இறங்கிப் படம் எடுக்க வேண்டும். ஊருக்குள் நுழையும்போது நன்றாக இருட்டிவிட்டது. விடுதியில் மூட்டையைப் போட்டுவிட்டு, பசி தாங்காமல், பின்னாலிருந்த காலி மனை வழியாகச் சைக்கிளிலேயே சாப்பிடக் கிளம்பினோம்.

காலையில் பார்த்தால் தம்பியின் சைக்கிள் இரண்டு சக்கரமும் காற்றிறங்கி உட்கார்ந்திருந்தது. மற்ற மூவருடையதும் டென்வரில் வாடகைக்கு எடுத்தவை. அந்த டயர்களுக்குள் ட்யூப் கிடையாது, சீலண்ட் என்று ஒரு வெள்ளைத் திரவம் ஊற்றியிருப்பார்கள். முள் குத்தினால் எருக்கம்பால் மாதிரி கசிந்து வந்து அந்த ஓட்டையிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். தம்பி மட்டும், “என் வண்டி, என் ட்யூப்” என்று வீராப்பாகச் சொந்தச் சைக்கிளைக் கொண்டுவந்திருந்தான். சின்ன இடுக்கியால் ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கி ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்தான். பதினேழு.

அண்ணாச்சி அதில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“ஏ, இது நம்மூரு நெருஞ்சில்லா!”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இங்கே இதை ஆட்டுத்தலை என்கிறார்கள், கோட்ஹெட். இரண்டு கொம்போடு பார்க்க அப்படித்தான் இருக்கிறது. தாவரவியல்காரர்களுக்கு ட்ரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ். திருநெல்வேலிக் கரிசலில் வெறுங்காலோடு ஓடிய பிள்ளைகள் எல்லாருக்கும் பழக்கப்பட்ட அதே செடி, அதே முள். மத்திய தரைக்கடல் பக்கமிருந்து வந்து அமெரிக்க மேற்கில் தொற்றிக்கொண்டது. எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு முனை மேலே பார்த்து நிற்கும்படி அதற்கு ஓர் அமைப்பு. சங்கப் புலவர்கள் அதன் மஞ்சள் பூவைப் பாட்டில் வைத்தார்கள். சைக்கிள்காரன் கண்ணுக்கு முள்தான் தெரிகிறது. தம்பி வாயை மூடிக்கொண்டு கடைக்குப் போய் சீலண்ட் ஊற்றிக்கொண்டு வந்தான்.

முதல் நாள் பாறை, இரண்டாம் நாள் மலை என்று திட்டம். பாறை என்றால் ஸ்லிக்ராக். ஊருக்குக் கிழக்கே மேட்டில் ஏறினால், மரம் மட்டை இல்லாமல், யானைக் கூட்டம் படுத்துக்கிடப்பது போலப் புரண்டு கிடக்கும் வெளிர் சிவப்புப் பாறைவெளி. மணற்கல். ஜுராசிக் காலத்தில் இங்கே ஒரு மாபெரும் பாலைவனம் இருந்தது. அதன் மணற்குன்றுகள் அப்படியே இறுகிக் கல்லானவை இவை. பாறையின் வெட்டுமுகத்தில் காற்று அன்றைக்கு எந்தத் திசையிலிருந்து வீசியது என்பதைக்கூடச் சாய்ந்த வரிகளாகப் பார்க்கலாம். ஆக, நாங்கள் ஓட்டியது ஒரு பாலைவனத்தின் மேலிருந்த இன்னொரு பாலைவனத்தில்.

ஸ்லிக்ராக் என்றால் வழுக்குப் பாறை. ஆனால் வழுக்காது. உப்புத்தாள் போலப் பிடித்துக்கொள்ளும். பெயர் வைத்தவர்கள் குதிரையில் வந்தவர்கள். லாடத்துக்கு இரும்பு, அது வழுக்கியிருக்கிறது. ரப்பர் டயருக்கு இதைவிட நல்ல தரை உலகத்தில் இல்லை. 1969-ல் மோட்டார் சைக்கிள்காரர்களுக்காகப் பாறை மேல் வெள்ளைப் பெயின்ட்டால் கோடு போட்டு ஒரு சுற்று வகுத்தார்கள். சுமார் பதினேழு கிலோமீட்டர். சைக்கிள் பின்னால் வந்து அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டது. கோட்டைத் தவிர பாதை என்று எதுவும் கிடையாது. வெள்ளைக் கோடு ஒரு பாறை முதுகில் நேராக மேலே போய் வானத்தில் முடியும். அங்கே ஏறினால்தான் அடுத்த கோடு எந்தப் பள்ளத்தில் இறங்குகிறது என்று தெரியும்.

இந்த ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் நழுவும், சாய்ந்து உட்கார்ந்தால் முன்சக்கரம் தூக்கும். சீட்டின் மூக்கு நுனியில் உட்கார்ந்து, நெஞ்சை ஹேண்டில்பாருக்குக் கொண்டுபோய், தாடை நடுங்க நடுங்க மிதிக்க வேண்டும். நடுவில் காலை நிறுத்தினால் முடிந்தது. நான் மூன்று இடத்தில் இறங்கித் தள்ளினேன். டாக்டர் எங்கும் இறங்கவில்லை, ஆனால் ஒரு மணி நேரம் யாரோடும் பேசவும் இல்லை.

பாறைக் குழிகளில் போன வாரத்து மழை தேங்கியிருந்தது. ஒரு குழியருகே குனிந்தேன். தண்ணீருக்குள் ஏதோ அசைந்தது. நகக்கண் நீளம்கூட இராது, கண்ணாடி போல உடம்பு, மல்லாந்து நீந்துகிறது. தேவதை இறால் என்று செல்லமாகச் சொல்வார்கள். குழி காய்ந்தால் தாய் சாகும், முட்டை சாகாது. புழுதியோடு புழுதியாக வருடக்கணக்கில் வெயிலில் கிடந்துவிட்டு, மழை விழுந்ததும் பொரிக்கும். குழி வற்றுவதற்குள் வளர்ந்து, கூடி, முட்டையிட்டு முடித்தாக வேண்டும். நான் விரலை நீட்டினேன். டாக்டர் அப்போதுதான் மறுபடி வாய் திறந்தார். “தொடாதீங்க. நம்ம கையில இருக்கிற எண்ணெய், வேர்வை, சன்ஸ்கிரீன் எல்லாம் அதுக்கு விஷம்.” காய்ந்த குழியில்கூடச் சைக்கிளை விடக்கூடாது என்பது இங்கே எழுதி ஒட்டியிருக்கும் விதி. விடுகிறவர்கள் விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மோவாபில் இன்றைக்கு ஐயாயிரத்துச் சொச்சம் பேர். 1950-ல் ஆயிரத்துச் சொச்சம்தான். 1952-ல் சார்லி ஸ்டீன் என்ற, கையில் காசில்லாத ஒரு நிலவியலாளர் இதன் தெற்கே யுரேனியத்தைக் கண்டுபிடித்தார். அணுகுண்டுப் போட்டி உச்சத்தில் இருந்த காலம். பத்தே வருடத்தில் ஊர் மூன்று மடங்குக்கு மேல் வீங்கியது, ‘உலக யுரேனியத் தலைநகர்’ என்று பலகை வைத்துக்கொண்டது. எண்பதுகளில் யுரேனியத்தைக் கேட்பாரில்லை. வீடுகள் பூட்டிக் கிடந்தன. அந்தச் சமயத்தில், 1983-ல், சகோதரர்கள் இருவர் இங்கே ஒரு சைக்கிள் கடை திறந்தார்கள். மலைச் சைக்கிள் என்ற சாதனம் கலிஃபோர்னியாவின் டமால்பாயிஸ் மலையில் பிறந்த கதையை மூன்றாம் வாரத்திலேயே சொல்லிவிட்டேன். அது தனக்கு ஏற்ற தரையைக் கண்டுகொண்டது இங்கேதான். தோண்டிப் பிழைத்த ஊர், மேலே ஓட்டுகிறவர்களை வைத்துப் பிழைக்கத் தொடங்கியது.

பழைய பிழைப்பின் மிச்சம் கொலராடோ ஆற்றங்கரையில் கிடந்தது: யுரேனிய ஆலைக் கழிவு, 1.6 கோடி டன். கோடிக்கணக்கான பேர் குடிக்கிற ஆறு. அந்தக் குவியலை 2009-ல் ரயில் பெட்டிகளில் ஏற்றி, ஐம்பது கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய்ப் புதைக்கத் தொடங்கினார்கள். ஊரிலிருந்து பார்த்தபோது அது ஒரு சின்னச் செம்மண் மேடு போலத்தான் தெரிந்தது, யாரும் சொல்லாவிட்டால் சுற்றுலாக்காரன் அதையும் படம் எடுப்பான். டாக்டர் எடுத்துவிட்டார்.

இனி மலைக்கு வருவோம்.

மோவாபில் எங்கே நின்றாலும் தென்கிழக்கில் லா சால் மலைகள் தெரியும். உயரமான சிகரம் மவுண்ட் பீல், 12,721 அடி. அந்த மலையில் ஏறி, அங்கிருந்து கொலராடோ ஆறு வரை இறங்குகிற ஒரு தொடர் பாதைக்கு ‘ஹோல் என்சிலாடா’ என்று பெயர். என்சிலாடா மெக்ஸிகோக்காரர்களின் சாப்பாடு. மக்காச்சோள ரொட்டியில் கறியைச் சுருட்டி மிளகாய்க் குழம்பை மேலே ஊற்றுவது. ஒன்றும் விடாமல் முழுசாக என்பதற்கு இங்கே அப்படிச் சொல்வார்கள். நம் ஓட்டல் கணக்கில் ஃபுல் மீல்ஸ். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தூரம், ஏழாயிரம் அடி இறக்கம்.

மேலே போவதற்கு ஷட்டில் வேன் உண்டு. கூரையிலும் பின்னாலும் சைக்கிள்களைக் கட்டி ஆளோடு ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். இதில் அண்ணாச்சிக்கு உடன்பாடில்லை.

“வேன்ல ஏறிட்டு சைக்கிள்ல எறங்குறதா? பழனிக்கு விஞ்சுல போயிட்டு, படியில எறங்கி வந்து பாதயாத்திரைன்னு சொல்லுத மாதிரில்லா இருக்கு.”

“அண்ணாச்சி, கீழ வந்து சேர்ந்தப்புறம் இதே வார்த்தையைச் சொல்லுங்க” என்றார் டாக்டர்.

வேனை ஓட்டிய அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். ஒற்றைக் கையில் ஸ்டீயரிங், மறு கையில் காபி. ஒவ்வொருவரிடமும் மூன்று லிட்டர் தண்ணீர் இருக்கிறதா என்று பள்ளிக்கூட டீச்சர் மாதிரி எண்ணிப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுத்தார். வழியில் ஒரு சரிவு முழுக்க மரங்கள் கருகிக் குச்சிகளாக நின்றன. 2021 ஜூனில் கீழே முகாம் போட்ட யாரோ நெருப்பை அணைக்காமல் போய்விட்டார்கள். அதன் விளைவு. ஆரஞ்சு சட்டை போட்ட வேட்டைக்காரர்கள் இருவர் சாலையோரம் கை காட்டினார்கள். மான் காலம்.

பத்தாயிரத்து ஐந்நூறு அடியில் இறக்கிவிட்டார். தொட்டபெட்டாவைவிடக் கிட்டத்தட்ட இரண்டாயிரம் அடி கூடுதல். கீழே ஊரில் அரைக்கை சட்டையோடு திரிந்தவர்கள் இங்கே கையுறைக்குள் விரலை மடக்கிக்கொண்டு நின்றோம். பாதையோரப் புல்லில் உறைபனி. இங்கிருந்து பர்ரோ கணவாய்க்கு இன்னும் ஏற வேண்டும். ஃபுல் மீல்ஸில் முதலில் வருகிற பாகற்காய் அது. மூன்று மிதி மிதித்தால் மூச்சு நெஞ்சுக்குழியில் நிற்கிறது. அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் தள்ளிக்கொண்டு நடந்தார். ஐம்பத்து நான்கு வயது, நியூஜெர்சியில் மளிகைக் கடை, முட்டியில் ஒரு பழைய அடி. எங்களில் கடைசி வரை அவசரப்படாத ஒரே ஆள் அவர்தான்.

கணவாயின் மறுபக்கம் ஆஸ்பென் காடு. அக்டோபர் முதல் வாரம். மஞ்சள் என்று எழுதிவிட்டால் மஞ்சள்தான், வேறு சொல் கிடையாது. ஆனால் வெயில் பின்னாலிருந்து விழும்போது இலைக்குள் விளக்கு எரிகிற மாதிரி இருந்தது. காற்று என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, இலைகள் மட்டும் சலசலத்துக்கொண்டே இருந்தன. நம் அரசமரத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆஸ்பென் இலையின் காம்பு உருண்டையாக இராது, நாடா போலத் தட்டையானது. அதனால் சிறு அசைவுக்கும் திரும்பும். வெள்ளைப் பட்டை மரங்கள் ஆயிரம் நின்றாலும் பல சமயம் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்று. இதே யூட்டாவின் ஃபிஷ் லேக் ஏரிக்கரையில் ‘பாண்டோ’ என்று ஒரு தோப்பு, 106 ஏக்கர், 47,000 தண்டுகள், அத்தனையும் ஒரே மரம். தீ எரித்தாலும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். காலையில் பார்த்த கருகிய சரிவில், குச்சிகளின் காலடியில் இடுப்பளவுக்கு மஞ்சள் கன்றுகள் நின்றது அதனால்தான்.

ரசித்துக்கொண்டு ஓட்டக்கூடிய பாதையா என்றால், இல்லை. ஒற்றையடி. மரவேர், நனைந்த கல், அதன் மேல் விழுந்த மஞ்சள் இலை. இலைக்கடியில் கல்லா பள்ளமா என்று தெரியாது. இங்கே நான் கற்றுக்கொண்ட பாடம், பிரேக்கை எப்போது விடுவது என்பது. பயத்தில் முன்பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வேரில் முட்டி நின்றுவிடும், நாம் நிற்க மாட்டோம். சீட்டை இறக்கிவிட்டு, இரண்டு பெடலும் சமமாக, முட்டியும் முழங்கையும் தளர்வாக, வண்டியைத் தன் போக்கில் குதிக்கவிட வேண்டும். ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும் பிரேக்கில். பத்து நிமிடம் சரியாகப் போனால் பதினோராவது நிமிடம் ஆணவம் வரும். எனக்கு வந்தது. புல்லில்தான் விழுந்தேன், ஆனால் அதை மூன்று பேரும் பார்த்துவிட்டார்கள்.

காடு முடிந்து குட்டை ஓக் புதர்கள். இலை துரு நிறம். பாதை அகலமாகி, வளைந்து வளைந்து, யாரோ ஊஞ்சலில் வைத்து ஆட்டுவது போல இறங்கியது. அரை மணி நேரம் நால்வரும் சின்னப் பிள்ளைகளாகக் கத்திக்கொண்டே போனோம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பிறகு வந்தது விளிம்பு. பாதை ஓரிடத்தில் மலைமேட்டின் நுனிக்கு வந்து நிற்கிறது. காலடியில் செங்குத்தாகப் பள்ளம். கீழே காசில் பள்ளத்தாக்கு, நடுவில் 400 அடி உயரத்துக்கு ஒற்றைக் கல் கோபுரம். சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு அங்கேதான் சப்பாத்தி ரோலைப் பிரித்தோம்.

லா சால் என்றால் ஸ்பானிய மொழியில் உப்பு. கோடையில் ஒரு ஸ்பானியன் தூரத்திலிருந்து பனிச் சிகரத்தைப் பார்த்து உப்பென்று நினைத்துவிட்டான் என்று ஊரில் கதை சொல்வார்கள். 1776-ல் இந்தப் பக்கம் பயணம் வந்த பாதிரியார்களின் நாட்குறிப்போ வேறு காரணம் சொல்கிறது: மலைக்குப் பக்கத்திலேயே உப்புப் படுகைகள் இருந்தன, யூட் இனத்தார் அங்கே உப்பு எடுத்தார்கள். எனக்கு நாட்குறிப்பின் மீதுதான் நம்பிக்கை. ஏனென்றால் இந்தப் பகுதி முழுக்க உப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

சுமார் முப்பது கோடி வருடங்களுக்கு முன்னால் இங்கே கடல் உள்ளே வருவதும், அடைபட்டு வற்றுவதுமாகத் திரும்பத் திரும்ப நடந்தது. தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி காய்வது போலத்தான், ஆனால் பாத்தியின் கனம் ஆயிரக்கணக்கான அடி. அதன் மேல் மணலும் சேறும் படிந்து கல்லாகின. பாரம் ஏற ஏற, உப்பு கல் மாதிரி நிற்காது. பரோட்டா மாவை அழுத்தினால் விரலிடுக்கில் பிதுங்குமே, அப்படி நகரும். எங்கே பாரம் குறைவோ அங்கே மேலே எழும்பி, தன் தலைமேல் இருந்த பாறையை வில்லாக வளைத்தது. வளைந்த பாறை வெடித்தது. வெடிப்பில் தண்ணீர் இறங்கி உப்பைக் கரைத்தது. அடியில் தாங்க ஆளில்லாமல் நடு உச்சி உள்ளே விழுந்தது. கீழே நான் பார்த்துக்கொண்டிருந்த காசில் பள்ளத்தாக்கு அப்படி விழுந்ததுதான். மோவாப் ஊர் உட்கார்ந்திருக்கும் பள்ளமும் அப்படித்தான். பள்ளத்தாக்கு என்றால் ஆறு அறுத்த வழி என்று நமக்குப் பழக்கம். மோவாபில் கொலராடோ ஆறு பள்ளத்தாக்கின் நீளத்தில் ஓடுவதே இல்லை. ஒரு பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்து, குறுக்கே நடந்து, எதிர்ச் சுவருக்குள் போய்விடுகிறது. பள்ளத்தை வெட்டியது அது இல்லையே!

அந்த உப்பை இன்னும் எடுக்கிறார்கள். ஊருக்குக் கீழே ஆற்றோரம் பொட்டாஷ் சுரங்கம். நம் வயல்காரர்கள் மூட்டையாக வாங்கும் அதே பொட்டாஷ் உரம்தான். 1963 ஆகஸ்டில், தோண்டிக்கொண்டிருக்கும்போதே வெடித்து 18 பேர் செத்தார்கள். இப்போது ஆள் இறங்குவதில்லை. தண்ணீரை உள்ளே விட்டுக் கரைத்து மேலே இழுத்து, வெயிலில் பாத்தி கட்டிக் காயவிடுகிறார்கள். வெயிலைக் கூடுதலாக உறிஞ்சட்டும் என்று தண்ணீரில் நீலச் சாயம் வேறு. சிவப்புப் பாலையின் நடுவே பளீரென்று நீலக் குளங்கள் தெரிந்தால் ஏமாந்துவிட வேண்டாம்.

விளிம்பை விட்டதும் பாதை தன் குணத்தைக் காட்டியது. மண் போய் முழுக்கப் பாறைப் படிகள். ஒரு சாண், ஒரு முழம், சில இடத்தில் இடுப்பளவு. ‘நாட்ச்’ என்று ஒரு பிளவு வருகிறது. இரண்டு பாறைச் சுவருக்கு இடையில், சிதறிக் கிடக்கும் கல் படிக்கட்டில் இறங்க வேண்டும். அதைச் சைக்கிளில் உட்கார்ந்தபடி இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் கண் முன்னே ஒருவன் இறங்கினான். நாங்கள் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினோம். வெட்கம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கழித்துத்தான் தம்பி அலறினான்.

எங்களில் வயதில் சின்னவன் அவன். வாரத்தில் ஐந்து நாள் ஜிம். காலையிலிருந்து முன்னால் போய்க் காத்திருப்பதும், நாங்கள் வந்ததும் “போலாமாண்ணா?” என்று கிளம்பிவிடுவதுமாக இருந்தான். மூன்று லிட்டர் தண்ணீரையும் குடித்து முடித்திருந்தான், சப்பாத்தி ரோலைத் தவிர வேறு எதுவும் தின்னவில்லை. ஒரு படியில் இறங்கும்போது இரண்டு தொடையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டன. வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். ஓடிப்போய்ப் பார்த்தால், தொடைச் சதை தோலுக்கடியில் எலி ஓடுவது போலத் துள்ளுகிறது. காலை நீட்டினால் முன்சதை பிடிக்கிறது, மடக்கினால் பின்சதை. கண்ணில் தண்ணீர்.

அண்ணாச்சி நிதானமாகத் தன் முதுகுப்பையை இறக்கினார். வாழைப்பழத்துக்கு அடியில், கையுறைக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே உப்பு நார்த்தங்காய், சுருள் சுருளாக, காய்ந்து கறுத்து, மேலே வெள்ளையாக உப்புப் பூத்தது.

“வாயத் தொற. கடிக்காத, சப்பு.”

அந்தச் சமயம் மேலிருந்து இறங்கி வந்த ஒரு பெண் பிரேக் போட்டு நின்றார். விஷயத்தைப் பார்த்ததும் தன் இடுப்புப் பையிலிருந்து கட்டைவிரல் பருமனில் ஒரு சின்ன பாட்டிலை எடுத்து நீட்டினார். வெள்ளரிக்காய் ஊறுகாய்த் தண்ணீர்! இங்கே சைக்கிள்காரர்கள் இதைப் பையில் வைத்துக்கொண்டு திரிவது வழக்கம். அண்ணாச்சி அதை வாங்கி முகர்ந்துவிட்டு, மறுக்காமல் தம்பி வாயில் ஊற்றிவிட்டு, பதிலுக்கு ஒரு சுருள் நார்த்தங்காயை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவர் வாயில் போட்டார். முகம் ஒரு முறை சுருங்கி விரிந்தது. “வாவ்” என்றார். கிளம்பும்போது இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டு நிமிடத்தில் தம்பிக்குச் சதை அடங்கிவிட்டது. “பாத்தியா, உப்பு” என்றார் அண்ணாச்சி. டாக்டரால் சும்மா இருக்க முடியவில்லை.

“அண்ணாச்சி, அந்த உப்பு இன்னும் வயித்தையே தாண்டியிருக்காது. ரத்தத்துல சேரவே நேரம் ஆகும். அந்தப் புளிப்பும் கரிப்பும் தொண்டையில பட்டதும் நரம்பு வழியா ஏதோ சேதி போய் பிடிப்பு விடுதுன்னுதான் நினைக்கிறாங்க. பிடிக்கிறதுக்கும் உப்பு குறைஞ்சதுதான் காரணம்னு சொல்லிட முடியாது, சதை களைச்சாலே பிடிக்கும்.”

“சேதி எந்த வழியா போனா என்ன டாக்டரே, போய்ச் சேந்துச்சில்லா?”

அதற்கு டாக்டரிடம் பதில் இல்லை. வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மயக்கம் வரை கொண்டுபோகும் என்பது மட்டும் இருவருக்கும் சம்மதமான விஷயமாக இருந்தது. தம்பிக்குப் பின்னாலேயே எல்லாரும் வாயில் நார்த்தங்காயோடு கிளம்பினோம்.

கிளம்பும்போதுதான் பார்த்தேன். விழுந்த வேகத்தில் அவன் பாதையை விட்டு இரண்டு எட்டு வெளியே கால் வைத்திருந்தான். அங்கே மண் கறுத்து, பொருக்குத் தட்டி, சின்னச் சின்னக் கோபுரங்களாக மேடுதட்டி இருந்தது. பார்க்க, காய்ந்த கேப்பைக் களியின் மேல்தோல். அது மண் இல்லை, உயிர். கண்ணுக்குத் தெரியாத பாசி நுண்ணுயிர்கள் நூல் நூலாக ஓடி மணலைத் தைத்து வைத்திருக்கின்றன. கூடவே பாறைப்பாசியும் பூஞ்சையும். இந்தத் தோல் இருப்பதால்தான் பாலை மணல் காற்றில் பறக்காமல் நிற்கிறது, மழைத் தண்ணீர் தங்குகிறது, புல் முளைக்கிறது. ஒரு மிதி போதும், பொடிந்துவிடும். மறுபடி கூடிவரப் பல பத்து வருடங்கள். பாறையைப் பார்த்து இந்த இடத்தை அசைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டுதான் எல்லாரும் வருகிறோம். அடியில் கரைகிற உப்பு, மேலே பொடிகிற தோல்.

டாக்டர் குனிந்து அந்தக் கால் தடத்தைப் பார்த்தார். படம் எடுக்கவில்லை.

கடைசி ஏழெட்டு கிலோமீட்டர் ஆற்றை நோக்கிச் செங்குத்தான சரிவின் விலாவில் போகிறது. வலப்பக்கம் கொலராடோ கீழே பழுப்பாகத் தெரிந்தது. உள்ளங்கை மரத்து, விரல்கள் பிரேக் பிடித்த வாக்கிலேயே மடங்கி நின்றுவிட்டன. கீழே தார்ச் சாலையைத் தொட்டபோது மாலை நாலரை. காலையில் விறைத்த அதே நாளில் இங்கே வெயில் சுட்டது. ஆற்றில் இறங்கி முகம் கழுவினோம். அண்ணாச்சியின் கறுப்புச் சட்டையில் முதுகு முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்பு வளையம்.

“வேன்ல ஏறி சைக்கிள்ல இறங்குறது…” என்று டாக்டர் தொடங்கினார்.

“ஏறுததுதான் வே லேசு” என்றார் அண்ணாச்சி, முட்டியைத் தடவிக்கொண்டே.

அடுத்த வாரம் கோகோபெல்லி தடம். இதே மோவாபிலிருந்து கொலராடோ மாநிலத்து லோமா வரை 142 மைல், அதில் எங்களால் முடிந்த மட்டும். தம்பி அதற்கும் வந்தான், மரியாதையாக எங்கள் பின்னால். இந்தத் தொடருக்குச் சக்கரத்தடம் என்று பெயர் வைத்தவன் நான். சக்கரத்தின் தடம் எதுவும் அந்தப் பாறையில் பதியவில்லை. தம்பியின் ஒன்பதாம் நம்பர் ஷூ தடம் மட்டும் பாதைக்கு இடப்பக்கம், இரண்டு எட்டு தள்ளி, இன்னும் இருக்கும்.

(தொடரும்)